50% கழிவுக்குப் பின்னால என்ன இரிக்கு? காத்தான்குடி பஜார்ல இருந்து வால்மார்ட் மட்டும்

ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தத்துக்கெண்டு அக்கா கனடாவில இருந்து வந்து நிண்டா. வந்து மூண்டாம் நாள், "தம்பி, ரெண்டு பெட்ஷீட் வாங்கோணும், எங்க மலிவு?" எண்டு கேட்டா. மட்டக்களப்புல இந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடையாது. அம்மாட்டக் கேட்டா காத்தான்குடி எண்டுவா, மாமி கல்முனைக்கு பஸ் ஏறினாத்தான் மலிவு எண்டு ஒரே பிடியில நிப்பா, என்ட மகள்ட்டக் கேட்டா டவுணுக்குள்ள ஏசி போட்ட மாடிக்கடைதானாம், அங்க 30% கழிவு போட்டிரிக்காங்களாம், வட்ஸ்அப்ல வந்ததாம். சரி எண்டு கல்லடியில ஓட்டோ ஒண்டைப் பிடிச்சு முதல்ல காத்தான்குடிக்குப் போய், மறுகா கிறுகி வந்து பாலத்தால டவுணுக்கும் போனம்.

காத்தான்குடியில மெயின் றோட்டு நடுவுல பேரீச்ச மரம் நிக்கிற அந்தப் பக்கத்துல ஒரு நானாட (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்க அப்பிடித்தான் கூப்பிடுறது) கடை, எங்கட அம்மா முப்பது வருசமாப் போற கடை. டபுள் பெட்ஷீட் ஒண்டு 3,800 எண்டார். அக்கா 2,500 எண்டா. நானா நெஞ்சுல கை வச்சு, கொள்விலையே அதுக்கு மேல எண்டார், அக்கா எழும்பி வாசல் மட்டும் நடந்தா, நானா கூப்பிட்டார், கடைசியா 2,900க்கு முடிஞ்சுது. டவுண் கடையில அதே மாதிரித் துணி, கிட்டத்தட்ட அதே பூ. அட்டையில 4,500 எண்டு அடிச்சு வெட்டி, கீழ சிவப்புல 3,150. அக்கா ஒரு வார்த்த பேசாம எடுத்து ரொலிக்குள்ள போட்டா.

வீட்ட வந்து எனக்கு விளங்காமப் போன விசயம் இதுதான். 3,150 குடுத்ததுக்கு "1,350 மிச்சம் புடிச்சிட்டன்" எண்டு அக்காக்குப் பெரிய புளுகம். 2,900 குடுத்ததுக்கு மட்டும் "நானா ஏமாத்திட்டார் போல, இன்னும் கொறச்சிருப்பார்" எண்டு ராவு முழுக்க மனவருத்தம். கூடக் குடுத்த கடையில சந்தோசம், கொறையக் குடுத்த கடையில சந்தேகம்! இது எங்கட அக்காட குணம் எண்டு நான் முதல்ல நினைச்சன், பிறகு யோசிச்சுப் பாத்தா இது 150 வருசத்துக்கு மேலான கதை.

பழைய கடையில விலை எண்டது சாமான்ல இல்ல, ரெண்டு பேருக்கு நடுவுல இரிக்கு. நானா அக்காட கைப்பை, சங்கிலி, "கனடா" எண்டு நான் வாய் தவறிச் சொன்னது எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் 3,800ல தொடங்கினார், அம்மா தனியாப் போயிருந்தா 3,200லதான் தொடங்கியிருப்பார். துணியில குத்தின சின்னத் துண்டுல விலை இருக்காது, ரெண்டு மூண்டு எழுத்து மட்டும் இருக்கும். அதுதான் கொள்விலை, கடைக்காரருக்கு மட்டும் விளங்கிற குறி. அந்தக் குறிக்கு மேல எவ்வளவு ஏத்தலாம், எந்த இடத்துல விட்டுக்குடுக்கணும் எண்டுறது ஒரு தொழில், அது முதலாளிக்குத் தெரியும், அவர்ட மகனுக்குத் தெரியும், கனகாலம் நிண்ட ஒரு வேலையாளுக்குத் தெரியும். ஆனா ஒரு கடையில நூறு பேர் வேலைக்கு நிண்டா? நூறு பேரிட்டயும் கல்லாவை நம்பிக் குடுத்து நீங்களே பேரம் பேசுங்கடா எண்டு விடேலாது. அதனாலதான் கடை பெருசானவுடன விலையை அட்டையில எழுதி ஒட்ட வேண்டி வந்துது. பாரிஸ்ல 1852ல பூசிக்கோ எண்டவர் கையில எடுத்து வளத்த போன் மார்ஷே கடை, அமெரிக்காவில பிலடெல்பியாவில வனமேக்கர் 1876ல திறந்த பெரிய கடை, இவங்கதான் ஆருக்கும் ஒரே விலை, பிடிக்காட்டித் திருப்பித் தரலாம் எண்டுறத பேருக்கு மட்டும் இல்லாம பெரிய அளவுல செஞ்சு காட்டினவங்க. நேர்மை எண்டு விளம்பரம் பண்ணினாங்க, பொய் எண்டு சொல்ல மாட்டன், ஆனா சம்பளம் கொறஞ்ச, பேரம் தெரியாத பிள்ளையளையும் வேலைக்கு வச்சுக்கொள்ளலாம் எண்டுறதும் அதுக்குள்ள இரிக்கு.

அடுத்ததா வேலையாளையே கொறச்சாங்க. 1916ல அமெரிக்காவில மெம்பிஸ் எண்ட ஊர்ல பிக்லி விக்லி எண்டு ஒரு பலசரக்குக் கடை, சனமே உள்ள போய் தாங்களே சாமான் எடுத்துக்கொண்டு வந்து காசு கட்டுற முறை. அதுக்கு முதல் எல்லாம் எங்கட மூலைக் கடை மாதிரித்தான், நீங்க இஞ்சால நிண்டு சொல்ல அவர் அங்கால நிண்டு எடுத்துத் தருவார். மறுகா 1937ல ஒக்லஹோமாவில கோல்ட்மன் எண்ட கடைக்காரர் ரொலியைக் கொண்டு வந்தார். சனம் தள்ள மாட்டன் எண்டுட்டுதாம், ஆம்பிளையளுக்கு எங்களுக்குத் தூக்க பெலன் இல்லயா எண்ட ரோசம், பொம்பிளையளுக்கு இன்னும் ஒரு தள்ளு வண்டியா எண்ட சலிப்பு. அவர் ஆக்களைக் கூலிக்குப் பிடிச்சு கடைக்குள்ள சும்மா ரொலி தள்ள விட்டு, அதைப் பாத்துத்தான் மத்தவங்களும் தள்ளத் தொடங்கினாங்க எண்டு கதை. கையில கூடை எண்டா கை நோகிறப்ப வாங்கிறத நிப்பாட்டுவம். ரொலிக்குக் கை நோகாது.

இப்ப கழிவுக்கடை, அதாவது எந்தச் சாமானையும் விலையைக் கொறச்சு விக்கிற பெரிய கடை, அதுட கதை. அம்பாறை மட்டக்களப்புல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டமானது 1961ல, அதுக்கு அடுத்த வருசம் 1962ல அமெரிக்காவில ஒரே ஆண்டுக்குள்ள மூண்டு கடை திறந்தாங்க: மார்ச்ல மிச்சிகன்ல கேமார்ட், மே மாசம் மினசோட்டாவில டார்கெட், ஜூலையில ஆர்கன்சோவில ரொஜர்ஸ் எண்ட சின்ன ஊர்ல வால்மார்ட். அதே வருசம் வூல்வேர்த் கொம்பனியும் வூல்கோ எண்டு ஒண்டு தொடங்கினது. இது தற்செயல் இல்ல. கார் வந்து ஊருக்கு வெளிய சனம் குடியேறின காலம், 1953லயே றோட் ஐலன்ட்ல ஒரு பழைய நெசவு ஆலைக்குள்ள ஆன் அன்ட் ஹோப் எண்ட கடை சீமெந்து நிலத்துல உடுப்பைத் தொங்கவிட்டு மலிவா வித்துக் காட்டியிருந்துது, வால்மார்ட் தொடங்கின சாம் வோல்ட்டனும் மத்தவங்களும் அதைப் போய்ப் பாத்துட்டு வந்தவங்க.

இன்னொரு காரணம் எங்கட ஆக்களுக்குக் கொஞ்சம் தலைகீழாத் தெரியும். இஞ்ச பக்கெட்ல அடிச்சிரிக்கிற விலை ஆகக்கூடின விலை, அதுக்கு மேல வித்தா 2003ம் ஆண்டு 9ம் இலக்க நுகர்வோர் சட்டத்துல பிடிச்சு வழக்குப் போடுவாங்க, 1977க்கு கோல் எடுத்து முறையிடலாம். அமெரிக்காவில ஒரு காலம் கனமான மாநிலங்கள்ல சட்டம் மற்றப் பக்கம் இருந்துது. கொம்பனி சொன்ன விலைக்குக் கீழ கடைக்காரன் விக்கக் கூடாது! சின்னக் கடையளைக் காப்பாத்தத்தான் அந்தச் சட்டம். அது ஒவ்வொரு மாநிலமா உடைய உடையக் கழிவுக்கடை வளந்துது, கடைசியா 1975ல முழுசா எடுத்தாங்க. பிரிட்டன்லயும் 1964ல ஒரு சட்டம் வந்து விலையில கொம்பனியள்ர பிடியைத் தளத்தினது. லண்டன்ல இரிக்கிற எங்கட ஆக்கள் இண்டைக்கு சூப்பர்மாக்கட்ல அரை விலை எண்டு அள்ளுறதுக்கெல்லாம் வேர் அங்கதான்.

சரி, மலிவா வித்தா எப்பிடி லாபம்? ஒரு சாரம் 1,000க்கு எடுக்கிறீங்க எண்டு வைப்பம். 1,500க்கு வித்தா மாசத்துல ஒண்டுதான் போகும், லாபம் 500. 1,200க்கு வித்தா நாலு போகும் எண்டா லாபம் 800, அதுவும் அதே 1,000 ரூபா நாலு தரம் சுத்தி வந்துட்டுது. கழிவுக்கடைட முழு ரகசியமும் இந்தச் சுத்துதான், விலை இல்ல. சாமான் ராக்கையில எத்தின நாள் நிக்குது எண்டுறதை எண்ணுறவன்தான் வெண்டவன். கொஸ்கோ இதைக் கடைசி மட்டும் கொண்டு போன கடை, வெளிக் கொம்பனிச் சாமானுக்கு 14 வீதத்துக்கு மேல ஏத்திறதில்ல எண்டு ஒரு எல்லை வச்சிரிக்காங்க, லாபத்துல பெரிய பங்கு வருசத்துக்கு ஒருக்காக் கட்டுற அங்கத்தவர் காசுலதான் வருது. வாசல்ல விக்கிற ஹொட் டோக்கும் சோடாவும் 1985ல இருந்து ஒண்டரை டொலர்தான். கடைக்குள்ள ஏறக்குறைய 4,000 விதச் சாமான், பெரிய வால்மார்ட் எண்டா லட்சத்துக்கு மேல. கொஸ்கோவில தெரிவு கொறைவு, ஆனா ஒவ்வொண்டும் மலை மாதிரி. அக்கா அங்க போய் வாங்கிற அரிசி மூட்டையைப் பாத்தா படுவான்கரையில (வாவிக்கு மேற்கால வயல் ஊர்கள்) அறுவடை முடிஞ்ச வீடு மாதிரி இருக்கும்.

கேமார்ட், டார்கெட், வால்மார்ட் மூண்டும் ஒரே வருசம் பிறந்தாலும் மூண்டுக்கும் மூண்டு புத்தி. கேமார்ட் 1965ல இருந்து கடைக்குள்ள ஒரு நீல விளக்கைச் சுத்த விடும், பொலிஸ் வண்டியில இருக்கிற மாதிரி, விளக்கு நிக்கிற இடத்துல கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அந்தச் சாமான் மலிவு, சனம் ஓடும். எங்கட பஜார்ல நோம்புப் பெருநாளைக்கு முதல் ராவு மைக்ல கத்துறாங்களே, அதேதான். வால்மார்ட் கத்தேல்ல. எந்த நாளும் ஒரே மலிவு எண்டுறது அவங்கட வழி, அதுக்காகக் கடையைத் திறக்க முதல் களஞ்சியத்தைப் போட்டு, அதுல இருந்து லொறி ஒரு நாளைக்குள்ள போய் வாற தூரத்துலதான் கடையளைக் கட்டினாங்க, 1987ல தங்களுக்கெண்டு சற்றலைட் தொடர்பே வச்சிருந்தாங்க. விலை ஏறி இறங்கினாத்தான் சனம் ஒரு நாள் குவிஞ்சு மறுநாள் வெறும் கடையா இருக்கும், ஒரே விலை எண்டா வியாபாரமும் ஒரே சீரா ஓடும், எவ்வளவு சாமான் இறக்கிறது எண்டு முன்கூட்டியே சொல்லலாம். விளக்கு சுத்தின கேமார்ட் 2002 ஜனவரியில வங்குரோத்து. டார்கெட் மற்ற வழி போனது, மலிவா இருக்கோணும் ஆனா மலிவாத் தெரியக் கூடாது எண்டு, 1999ல மைக்கல் கிரேவ்ஸ் எண்ட பேர்போன கட்டடக் கலைஞரைக் கொண்டு கேத்தில் செய்விச்சவங்க.

இந்த டார்கெட் 2013ல கனடாவுக்கு வந்தப்ப அக்காவும் ஸ்காபரோவில போய்ப் பாத்தவ. "ராக்கை எல்லாம் வெறுமையா கிடந்துதடா, விளக்கு மட்டும் நல்ல வெளிச்சம்" எண்டா. அது அக்கா போன கடையில மட்டும் நடந்த விசயம் இல்ல. 133 கடையை அவசரமாத் திறந்து, கொம்பியூட்டர்ல சாமான்ட அளவு, பெட்டிக்குள்ள எத்தின எண்ட கணக்கு எல்லாம் பிழையாப் பதிஞ்சு, களஞ்சியம் நிரம்பி வழியக் கடை வெறுமையா நிண்டுது, ரெண்டு வருசத்துல 2015ல எல்லாத்தையும் பூட்டி 17,000 பேருக்கு மேல வேலை போனது. கடைக்குள்ள நாங்க பாக்கிற வடிவு எல்லாம் பின்பக்கத்துல ஒரு பிள்ளை சரியா எண்ணிப் பதிஞ்சதுலதான் நிக்குது. அவுஸ்ரேலியாவில இரிக்கிற எங்கட மச்சான்ட்ட கேமார்ட் செத்துட்டு எண்டு சொன்னா சிரிப்பான், அங்க அது 1969ல மெல்பன்ல தொடங்கி இப்ப வேற முதலாளியிட கையில ஓகோ எண்டு ஓடுது. பேர் ஒண்டு, கடை வேற.

இனி அக்காட புளுகத்துக்கு வாறன். அமெரிக்காவில ஜேசி பெனி எண்டு ஒரு பழைய பெரிய கடை, அப்பிள் கொம்பனியில இருந்து வந்து 2011 கடைசியில பொறுப்பெடுத்த றொன் ஜோன்சன் எண்டவர் 2012ல, இந்த விலையை ஏத்தி எழுதி வெட்டுற விளையாட்டெல்லாம் வேணாம், கூப்பன் வேணாம், முதல்லயே நியாய விலையைப் போடுவம் எண்டார். நல்ல மனுசன் எண்டு தோணும். அந்த வருசம் வியாபாரம் 25 வீதம் விழுந்துது, 2013 ஏப்ரல்ல ஆளை அனுப்பிட்டாங்க. சனத்துக்கு விலை மலிவா இருந்தாப் போதாது, மலிவாக்கின மாதிரித் தெரியோணும். நானாட கடையில அக்கா தானே இறக்கின விலை, எங்க நிப்பாட்டிறது எண்டு தெரியாது, அதனால சந்தேகம் போகாது. டவுண் கடையில பேரத்தைக் கடைக்காரனே தனக்கும் அக்காக்குமா சேத்துப் பேசி, 4,500 எண்டு தான் தொடங்கி, 3,150 எண்டு தானே முடிச்சு, முடிவை மட்டும் அட்டையில ஒட்டி வச்சிட்டான். பேரம் ஒழியேல்ல, அட்டைக்குள்ள போயிட்டுது. அந்த 4,500க்கு அந்தக் கடை ஒரு நாளும் ஒண்டு வித்திருக்குமோ எண்டு ஆரும் கேக்கிறதில்ல, நானும் அண்டைக்குக் கேக்கேல்ல.

விலையில நிண்ட அந்த 250 ரூபா வித்தியாசத்துக்கு வேற காரணங்களும் இருக்கும். ஏசி, லிப்ட், நாலு மாடி வாடகை, கார்ட்டுல காசு கட்டினா வங்கிக்குப் போற கொமிசன். மறுகா வற் வரி. 2024 ஜனவரியில 18 வீதமாக்கினப்ப, பதிய வேண்டிய எல்லையையும் வருசத்துக்கு 8 கோடி வியாபாரத்துல இருந்து 6 கோடிக்கு இறக்கினாங்க, பெரிய கடை அதுக்குத் தப்பேலாது, மூலையில இருக்கிற சின்னக் கடை எல்லைக்குக் கீழ நிக்கும். 2022ல எல்லாம் கடைக்காரனையும் குத்தம் சொல்லேலாது, செப்டம்பர்ல விலைவாசி ஒரு வருசத்துல 70 வீதம் அளவுல ஏறிக் கிடந்துது, ஒரு சவுக்காரத்துல மூண்டு ஸ்டிக்கர் ஒண்டுக்கு மேல ஒண்டு ஒட்டியிருந்ததை நகத்தால கிளறிப் பாத்தவன் நான்.

எங்கட பக்கம் இந்தச் சுய சேவை எல்லாம் பிந்தித்தான் வந்தது. கார்கில்ஸ் கொம்பனி 1844ல இருந்தே இரிக்கு, முதலாவது பூட்சிற்றியைக் கொழும்புல 1983ல திறந்தாங்க, அந்த வருசம் தமிழ் ஆக்களுக்கு வேற எதுக்கு ஞாபகம் எண்டு சொல்லத் தேவையில்ல. கொழும்புக் கொம்பனியள் 2009க்குப் பிறகுதான் ஒண்டொண்டா இங்கால கூட வரத் தொடங்கினது. அதனால என்ட வயசு ஆக்கள் கன பேர் முதல் ரொலியைத் தள்ளினதே வெளிநாட்டுலதான். நான் தள்ளினது கட்டார்ல, லுலுவில. கேரளா திருச்சூர்ப் பக்கத்து யூசுப் அலிட கடை, அபுதாபியில தலைமையகம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையாட்கள் தங்கிற கேம்ப்ல இருந்து வந்து பஸ்ல இறங்கி, மலையாளத்தான், நேப்பாளி, வங்காளி எண்டு எல்லாரோடயும் சேந்து ஒரு மணித்தியாலம் சுத்திட்டு ஒரு பக்கெட் பால்மாவோட வெளிய வருவம். ஒருத்தரும் என்ன வேணும் எண்டு கேக்க மாட்டான். காசு இல்லாதவனுக்கு அது ஒரு மரியாதை, நான் அதைக் கொறச்சுச் சொல்ல மாட்டன். பஜார்ல கடைக்குள்ள கால் வச்சா ஒண்டாவது வாங்காம வெளிய வாறது கஷ்டம், பெரிய கடையில ஏசிக் காத்து வாங்கிட்டு வரலாம்.

எங்கட டவுண் உடுப்புக் கடையள் இது ரெண்டும் இல்லாத ஒரு கலப்பு. விலை அட்டையில இரிக்கு, ஆனா நீங்க ஒரு சட்டையைத் தொட்டா ஒரு பிள்ளை பின்னால வந்து நிக்கும், "சைஸ் பாக்கவா அக்கா" எண்டு. சென்னை தியாகராய நகர்ல கலியாண உடுப்பெடுக்கப் போன ஆக்களுக்கு இது தெரியும், சரவணா ஸ்டோர்ஸ்ல மாடி மாடியா இப்பிடித்தான், விலை பேசேலாது, ஆனா ஆள் நிறைய. அந்தப் பிள்ளையள் காலையில இருந்து ராவு மட்டும் நிண்ட நிலைதான். தமிழ்நாட்டுல 2021ல கடையில வேலை செய்றவங்களுக்கு இருக்கக் கதிரை குடுக்கோணும் எண்டே சட்டத்தைத் திருத்தினாங்க. கதிரைக்கு ஒரு சட்டம் வேண்டிக் கிடந்துது!

பெரிய கடையில கிடைக்காத ஒண்டு கொப்பிக் கடன், கொப்பியில எழுதி வச்சுட்டுச் சாமான் குடுக்கிறது. படுவான்கரை ஆக்கள் பெரும்போகம் வெட்டி மாசி பங்குனியில கையில காசு வந்தவுடன ஆத்தைக் கடந்து வந்து பழைய கணக்கைத் தீத்து, சித்திரை வருசத்துக்கு உடுப்பும் எடுத்துக்கொண்டு போவாங்க. வெள்ளம் வந்து வயல் அழிஞ்சா அடுத்த போகம் மட்டும் நானா பொறுத்துக்கொள்ளுவார், அதுக்கும் சேத்துத்தான் அவர்ட 3,800. இப்ப 2,900 குடுத்த எங்கட அக்கா ஆர்ட கடன்ல ஒரு துண்டைக் கட்டினா எண்டு யோசிச்சா சிரிப்பு வருது. பெரிய கடையில கார்ட் இருக்கிறவனுக்குத்தான் கழிவு, அதுவும் குறிச்ச வங்கிட கார்ட், குறிச்ச கிழமையில. காசு இருக்கிறவனுக்கு இன்னும் மலிவு. இதுக்கு நடுவுல மருதமுனைக் கைத்தறிச் சாரம், பெட்ஷீட் எல்லாம் எங்க நிக்குது எண்டு பாத்தா, மாடிக்கடையில அனேகமா இல்ல, நானாட கடையில ஆக உள்ளுக்குள்ள ஒரு ராக்கையில, கேட்டா மட்டும் எடுத்துக் காட்டுவார். தறியில நெய்றவன் நாலு தரம் சுத்தி வாற வேகத்துக்கு நெய்யேலாதே.

அக்கா கனடாவுக்குப் போக முதல் கட்டில்ல விரிச்சுப் பாத்தா, ரெண்டு பெட்ஷீட்டுமே கட்டிலுக்குக் கட்டை. டவுண் கடையில எடுத்ததைக் கொண்டு போனம், பில் இருந்துது, ஆனா ஏழு நாளைக்குள்ள வரோணுமாம், இது பதினொராம் நாள். அக்கா "கனடாவில மூண்டு மாசம் கழிச்சும் எடுப்பான்" எண்டு கவுண்டர்ல நிண்ட பிள்ளையோட கொஞ்ச நேரம் நிண்டா, அந்தப் பிள்ளை பாவம், "மேல கேக்கோணும் அக்கா" எண்டதை நாலு தரம் சொன்னது. காத்தான்குடிக்கு பில்லும் இல்லாமத்தான் போனம். நானா துணியை விரிச்சு, கையால அளந்து பாத்து, "அண்டைக்கே கட்டில் அளவைச் சொல்லியிருக்கலாமே மகள், விலை பேசினதுல பாதி நேரம் போதுமே அதுக்கு" எண்டு ஏசிப்போட்டுப் பெரிய சைஸ் ஒண்டை எடுத்துப் போட்டார். வித்தியாசக் காசு 600 எண்டார். அக்கா 300 எண்டா.